மூன்று விளிம்புகளில் அடங்கும் திண்மம்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் வெக்டர் இயற்கணிதம் படிக்கும்போது இணைகரத் திண்மம் என்ற பெயர் வரும். ஒரு முனையில் சந்திக்கும் மூன்று வெக்டர்களைக் கொடுத்து, அவற்றை விளிம்புகளாகக் கொண்ட இணைகரத் திண்மத்தின் கனஅளவைக் கேட்பார்கள். மாணவர்கள் ஒன்பது எண்களை மூன்று வரிசையாக எழுதி, அணிக்கோவையை விரித்து, விடையைக் கன அலகில் குறித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தத் திண்மத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. உப்பும் சர்க்கரையும் இரும்பும் வைரமும் தங்களுக்குள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும் உருவம், பள்ளிக் கணிதத்தில் வரும் உருவங்களிலேயே இதுதான்.

ஆறு முகங்கள் கொண்ட திண்மம் என்று மட்டும் சொன்னால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகாது. ஐங்கோணத்தை அடியாக வைத்து ஒரே முனைவரை எழுப்பிய பிரமிடுக்கும் ஆறு முகங்கள்தான்: அடி ஒன்று, பக்கங்கள் ஐந்து. இரண்டு நான்முகிகளை முகத்தோடு முகம் ஒட்டினால் வரும் உருவத்தை ஆறு முக்கோணங்கள் மூடியிருக்கும். எங்கும் உள்வாங்காத ஆறுமுகத் திண்மங்களை, எந்த முகம் எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்தால் மொத்தம் 7 வகைகள் வரும். அவற்றில் ஒன்றில்தான் ஆறு முகங்களும் நாற்கரங்கள். எட்டு முனைகள், பன்னிரண்டு விளிம்புகள், ஒவ்வொரு முனையிலும் மூன்று முகங்கள். பெட்டி, செங்கல், பகடை எல்லாம் இந்த வகைக்குள் வருபவை.

இந்த வகைக்கு ஒரேயொரு நிபந்தனையைச் சேர்ப்போம். எதிரெதிரே உள்ள முகங்கள் இணையாக இருக்கவேண்டும். மேல்முகம் கீழ்முகத்துக்கு இணை, இடம் வலத்துக்கு இணை, முன் பின்னுக்கு இணை. இவ்வளவுதான் இணைகரத் திண்மம். முகங்கள் இணைகரமாக இருக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. மூன்று சோடி இணைத் தளங்கள் ஒன்றையொன்று வெட்டும்போது முகங்கள் தாமாகவே இணைகரங்களாகிவிடும், எதிர்முகங்கள் தாமாகவே சமமாகிவிடும். யூக்ளிட் தம் நூலின் 11-ஆம் பாகத்தில், 24-ஆம் தேற்றத்தில் இதை நிறுவுகிறார். பிரமிடு, பட்டகம், கனசதுரம், எண்முகி ஆகியவற்றுக்கெல்லாம் அந்தப் பாகத்தின் தொடக்கத்தில் வரையறை எழுதிய அவர், இந்த உருவத்துக்குத் தனி வரையறை தரவில்லை. தேற்றம் வழியாகவே அதை அறிமுகப்படுத்துகிறார்.

அந்த ஒரு நிபந்தனையின் வலிமையை எண்ணிக்கையில் பார்க்கலாம். ஆறு முகங்களும் நாற்கரங்களாக உள்ள பொதுவான ஒரு திண்மத்தின் வடிவையும் அளவையும் முழுமையாகக் குறிக்க 12 எண்கள் வேண்டும். இணைகரத் திண்மத்துக்கு 6 போதும். ஒரு முனையில் கூடும் மூன்று விளிம்புகளின் நீளங்கள், அந்த விளிம்புகள் இரண்டிரண்டாகத் தமக்குள் அமைக்கும் மூன்று கோணங்கள். மற்ற ஒன்பது விளிம்புகளும் இந்த மூன்றின் நகல்கள்; மற்ற ஏழு முனைகளும் இந்த மூன்றை வெவ்வேறு விதமாகக் கூட்டினால் கிடைப்பவை. ஒரு மூலையைக் காட்டிவிட்டால் உருவம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. மூன்று கோணங்களும் 90 பாகையானால் அது கனச்செவ்வகம். மூன்று நீளங்களும் சமமாகிவிட்டால் கனசதுரம். மூன்று கோணங்களும் சமமாக, ஆனால் 90 பாகையாக இல்லாமல் இருந்து, மூன்று நீளங்களும் சமமாக இருந்தால், ஆறு முகங்களும் ஒரே அளவுள்ள சாய்சதுரங்களாகும். இந்தக் கடைசி உருவத்தைச் சாய்சதுரத் திண்மம் என்று அழைப்போம். இந்த அத்தியாயத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கோணங்கள் ஏன் முக்கியம் என்பதற்குக் கையில் செய்து பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவிவிட்டு, மேலுறையின் இரண்டு விளிம்புகளைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எந்த விளிம்பின் நீளமும் மாறவில்லை. உள்ளே உள்ள இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் உறை தட்டையாகிவிடும். நீளங்கள் அப்படியே இருக்க, கனஅளவு முழுதாக இருந்து சுழி வரை இறங்கிவிட்டது. அணிக்கோவையை விரிக்கும்போது நடுவில் வரும் கழித்தல்கள் எல்லாம் இந்தச் சாய்வுக்கான கணக்குதான். மூன்று வெக்டர்களும் ஒரே தளத்தில் விழுந்துவிட்டால் விடை சுழி என்று பாடநூல் சொல்வதும் இந்தத் தட்டையான தீப்பெட்டிதான்.

இப்போது கையில் பிடிக்கக்கூடிய ஒரு சாய்சதுரத் திண்மத்துக்கு வருவோம். அது கால்சைட். சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்கிலும் உள்ள அதே கால்சியம் கார்பனேட், தூய படிகமாக வளர்ந்த நிலை. ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் ஹெல்குஸ்தாதிர் என்ற இடத்திலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்த பெரிய கால்சைட் படிகங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அதனால் அதற்கு ஐஸ்லாந்துப் படிகம் என்றே பெயர். அதை உடைத்தால் கண்ணாடிபோலத் தாறுமாறாக உடையாது. வழவழப்பான ஆறு முகங்கள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிளக்கும். அந்தத் துண்டை மறுபடி உடைத்தால் அதே கோணங்களோடு இன்னும் சிறிய துண்டுகள். தூளாகும் வரை உடைத்துக்கொண்டே போகலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் தூளிலும் அதே சாய்ந்த பெட்டிகள்தான்.

ஒவ்வொரு முகத்திலும் விரிகோணம் 101 பாகை 55 நிமிடம், குறுங்கோணம் 78 பாகை 5 நிமிடம். எட்டு முனைகளில் இரண்டில் மட்டும் மூன்று விரிகோணங்கள் கூடுகின்றன. இந்த இரண்டும் மழுங்கிய முனைகள், எதிரெதிரே இருப்பவை. மற்ற ஆறு முனைகளில் ஒரு விரிகோணமும் இரண்டு குறுங்கோணங்களும். கனசதுரத்தை ஒரு மூலைவிட்டத்தின் இரு நுனிகளிலும் விரல் வைத்து அழுத்தியதுபோன்ற உருவம் இது. விளிம்பு 1 செ.மீ. இருந்தால், மழுங்கிய முனைகளை இணைக்கும் மூலைவிட்டம் சுமார் 1.33 செ.மீ., மற்ற மூன்றும் சுமார் 1.85 செ.மீ. கனசதுரத்தில் நான்கும் 1.73. எல்லா இணைகரத் திண்மங்களுக்கும் பொதுவான ஓர் அழகிய உறவு உண்டு: நான்கு மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால், மூன்று விளிம்புகளின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகையைப் போல நான்கு மடங்கு வரும். இங்கே 12. எவ்வளவு சாய்த்தாலும் இந்தத் தொகை மாறாது. ஒரு மூலைவிட்டம் குறைந்த அளவை மற்றவை ஈடுகட்டிவிடும். கனஅளவு அப்படியல்ல. 1 கன செ.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 0.924 கன செ.மீ. தான் இருக்கும். கால்சைட்டின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் அந்தத் துண்டின் எடை சுமார் 2.5 கிராம்.

இந்தப் படிகம் முதலில் புகழ்பெற்றது ஒளியால்தான். 1669-இல் கோபன்ஹேகனில் எராஸ்மஸ் பார்த்தோலின், இதன் வழியே பார்த்தால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று எழுதினார். 1690-இல் வெளிவந்த ஒளி பற்றிய நூலில் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். முகத்தின் விரிகோணத்தை அவர் 101 பாகை 52 நிமிடம் என்று அளந்தார். அந்தக் காலக் கருவிகளுக்கு அது வியக்கத்தக்க துல்லியம். 1808-இல் பாரிஸில் எத்தியென் மலூஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை இதே படிகத்தின் வழியே பார்த்து, எதிரொளிப்பால் ஒளிக்குத் தளவிளைவு நேர்வதைக் கண்டார். 1828-இல் வில்லியம் நிக்கல் அதை வெட்டி ஒட்டி உருவாக்கிய பட்டகம் நெடுங்காலம் நுண்ணோக்கிகளில் இருந்தது. இவையெல்லாம் தனியே எழுதவேண்டிய கதைகள். நமக்கு முக்கியம் ஹைகன்ஸ் அதே அத்தியாயத்தின் முடிவில் போகிறபோக்கில் எழுப்பிய கேள்வி. இந்தக் கல் எப்போதும் ஏன் இதே கோணத்தில் உடைகிறது? கண்ணுக்குத் தெரியாத, சற்றுத் தட்டையான உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் இந்தக் கோணங்கள் வரும் என்று அவர் படம் வரைந்து காட்டினார். அடுத்த நூறு ஆண்டுகளில் அதை முன்னெடுத்துச் சென்றவர்கள் குறைவு.

எடுத்துச் சென்றவர் ரெனே ஜுஸ்ட் அயூயி. 1743-இல் வட பிரான்சில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பாதிரியாராகிப் பாரிஸில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார். முதலில் அவருக்கு ஆர்வம் செடிகொடிகளில்தான். தோபாந்தோன் நடத்திய கனிமவியல் வகுப்புகளைக் கேட்ட பிறகு கற்களின் பக்கம் திரும்பினார். அவரை உறுத்தியது ஒரு முரண். ஒரு செடியின் பூ எங்கு பூத்தாலும் அதே வடிவில் பூக்கிறது. கால்சைட்டோ ஓரிடத்தில் அறுகோணப் பட்டகமாக வளர்கிறது, இன்னோரிடத்தில் நாய்ப்பல்போலக் கூர்மையாக, வேறோரிடத்தில் தட்டையாக. பொருள் ஒன்று, உருவம் பல. எப்படி?

1780-ஐ ஒட்டி, ஒரு நண்பர் வீட்டில் இருந்த அறுகோணப் பட்டகக் கால்சைட் கைதவறி விழுந்து உடைந்தது என்று சொல்வார்கள். உடைந்த இடம் கரடுமுரடாக இல்லாமல் மெருகேற்றியதுபோல இருந்தது. அயூயி அதைத் தொடர்ந்து பிளந்தார். பட்டகத்தின் உள்ளிருந்து ஐஸ்லாந்துப் படிகத்தின் அதே சாய்சதுரத் திண்மம் வந்தது. பிறகு தம் சேகரிப்பில் இருந்த நாய்ப்பல் படிகத்தை உடைத்தார். அதே திண்மம், அதே கோணங்கள். விழுந்து உடைந்த நிகழ்ச்சியில் கதைக்காரர்களின் கைவண்ணம் கொஞ்சம் இருக்கலாம்; ஆனால் அவர் தம் அருமையான மாதிரிகளைத் தாமே உடைத்தது உண்மை. படிகக் கோணங்களை அளப்பதில் அன்று முன்னணியில் இருந்த ரோமே தெலீல் அவரைப் ‘படிகம் உடைப்பவர்’ என்று பரிகசித்தார். சுவீடனில் தோர்பர்ன் பெர்க்மன் சில ஆண்டுகள் முன்பே நாய்ப்பல் கால்சைட்டுக்குள் சாய்சதுரத் திண்மம் இருப்பதை எழுதியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதிலிருந்து ஒரு முழுக் கோட்பாட்டைக் கட்டியெழுப்பியது அயூயிதான். அது 1784-இல் நூலாக வந்தது.

கோட்பாடு இதுதான். ஒவ்வொரு படிகமும் கண்ணுக்குத் தெரியாத சிறு இணைகரத் திண்மங்களால் ஆனது. எல்லாம் ஒரே அளவு, ஒரே திசையில் நிற்பவை, இடைவெளி இல்லாமல் அடுக்கப்பட்டவை. இணைகரத் திண்மத்தின் மிக ஆழமான பண்பு இங்கேதான் வெளிப்படுகிறது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி, அதன் நகல்களைத் திருப்பாமல், புரட்டாமல், மூன்று விளிம்புகளின் திசையிலும் நகர்த்திக்கொண்டே போனால் வெளி முழுவதும் துளி இடைவெளியின்றி நிரம்பிவிடும். எதிர்முகங்கள் சமமாகவும் இணையாகவும் இருப்பதால் ஒரு பெட்டியின் வலது முகம் அடுத்த பெட்டியின் இடது முகத்தோடு சரியாகப் பொருந்துகிறது. ஐங்கோணப் பிரமிடாலோ ஒழுங்கு நான்முகியாலோ இப்படி முடியாது.

சரி, ஒரே வகைப் பெட்டிகளை அடுக்கி நாய்ப்பல்லும் அறுகோணமும் எப்படி வரும்? அயூயியின் விடையைக் கனசதுரத்தை வைத்துப் பார்ப்பது எளிது. சிறு கனசதுரங்களால் ஆன ஒரு பெரிய கனசதுரம் இருக்கட்டும். அதன் ஒரு முகத்தின் மேல் புது அடுக்குகளை வைக்கிறோம். ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு பக்கமும் ஒரு வரிசை குறைத்துக்கொண்டே போகிறோம். 45 பாகைச் சரிவுள்ள ஒரு படிக்கட்டுப் பிரமிடு எழும். படிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை என்றால் சரிவு வழவழப்பான தளமாகவே தோன்றும். ஆறு முகங்களிலும் இதைச் செய்தால் 24 முக்கோணச் சரிவுகள் வரவேண்டும். ஆனால் பழைய கனசதுரத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் இரு பக்கத்துச் சரிவுகள் 45 பாகையில் வந்து ஒரே தளமாக இணைந்துவிடுகின்றன. 12 விளிம்புகளில் 12 சாய்சதுரங்கள். பன்னிரண்டு சாய்சதுர முகங்கள் கொண்ட இந்த உருவத்தில்தான் கார்னெட் கற்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன. கனஅளவைக் கணக்கிட்டால், மூலக் கனசதுரத்தைப் போல மிகச்சரியாக இரண்டு மடங்கு.

ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை குறைத்தால் சரிவு மாறும். ஒரு பக்கம் இரண்டு வரிசை, மறுபக்கம் இரண்டு அடுக்குக்கு ஒரு வரிசை என்று குறைத்தால் பன்னிரண்டு ஐங்கோணங்கள் கொண்ட உருவம் வரும். பைரைட் கனிமம் அப்படி வளர்கிறது. எப்படிச் செய்தாலும் குறைப்பது முழு வரிசைகளாகத்தான் இருக்கவேண்டும். பாதிப் பெட்டி என்று ஒன்று கிடையாது. அதனால் படிகத்தில் தோன்றக்கூடிய சரிவுகள் எல்லாம் சிறிய முழு எண்களின் விகிதத்திலேயே அமையவேண்டும். அயூயி கணக்கிட்டார், அளந்தார், பொருந்தியது. இன்றும் படிகவியல் வகுப்பில் முதலில் கற்பிக்கும் விதிகளில் இது ஒன்று. பார்த்தால் தெரியாத ஒரு பெட்டி இருப்பதற்கு, பார்த்து அளக்கக்கூடிய முழு எண்கள் சான்றாகிவிட்டன. கையில் ஒரு சுத்தியும் கோணமானியும் மட்டும் வைத்திருந்த மனிதர் அணுக்களின் அளவுள்ள உலகைப் பற்றிச் சரியாகப் பேசியது அறிவியல் வரலாற்றின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அந்த வேலை நின்றுபோகவும் இருந்தது. 1792-இல் புரட்சி அரசுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்த பாதிரியார்களோடு அயூயியும் சிறைவைக்கப்பட்டார். இளம் மாணவரான ஜெஃப்ரோய் செந்திலேர் ஓடியாடி அவரை விடுவித்தார். சில நாட்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அந்தச் சிறைகளில் இருந்த பாதிரியார்கள் பலர் கொல்லப்பட்டனர். தப்பிய அயூயி இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பாடம் நடத்துவதற்காக அவர் வடிவமைத்த மரப் படிக உருவங்கள் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் தெய்லர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தம்பி வாலந்தேன் அயூயி பாரிஸில் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கியவர்; லூயி பிரெய்ல் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

அயூயியின் கோட்பாட்டில் இரண்டு இடங்களில் விரிசல் இருந்தது. ஃபுளோரைட் என்ற கனிமத்தை உடைத்தால் எண்முகி கிடைக்கிறது. எண்முகிகளை மட்டும் வைத்து வெளியை நிரப்ப முடியாது. நடுவே நான்முகி வடிவில் காலியிடங்கள் மிஞ்சும். உடைத்தால் வருவதுதான் கட்டுமானப் பெட்டி என்றால், அந்தக் காலியிடத்தில் என்ன இருக்கிறது? இன்னொன்று, வெப்பம். ஜெர்மானிய வேதியியலர் ஐல்ஹார்ட் மிட்ஷர்லிக் 1820-களில் கால்சைட்டைச் சூடாக்கி அளந்தார். பனிக்கட்டி உருகும் வெப்பத்திலிருந்து நீர் கொதிக்கும் வெப்பம் வரை போனபோது, இரு முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் 8 நிமிடங்களுக்குச் சற்று மேல் குறைந்தது. மழுங்கிய முனைகளின் திசையில் கல் நீள்கிறது, குறுக்கே சுருங்குகிறது. சூடேறும் கால்சைட், கொஞ்சமாகவேனும், கனசதுரத்தை நோக்கி நகர்கிறது. கெட்டியான செங்கற்களால் ஆன கட்டடம் இப்படி நடந்துகொள்ளாது.

தீர்வை முதலில் கண்டவர் அயூயியின் மாணவர் கப்ரியேல் தெலாஃபோஸ். 1840-இல் அவர் சொன்னது: பெட்டியையும் பொருளையும் பிரித்துப் பாருங்கள். பெட்டி என்பது பருப்பொருள் அன்று. மூலக்கூறுகள் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை, எந்தத் திசையில் மீண்டும் வருகின்றன என்பதைக் காட்டும் அளவு. அதன் சுவர்களில் எதுவும் இருக்கத் தேவையில்லை. இந்த ஒரு மாற்றத்தில் ஃபுளோரைட்டின் காலியிடங்கள் பற்றிய கேள்வி கரைந்துவிட்டது. எண்முகியாக உடைவது கல்லின் குணம். மீண்டும் வரும் அளவு எப்போதும் இணைகரத் திண்மம்தான். கடற்படையில் பணியாற்றிப் பின் பேராசிரியரான ஓகுஸ்த் பிராவே 1848-இல், ஒரே மாதிரிச் சூழல் கொண்ட புள்ளிகளை வெளியில் முடிவின்றி அடுக்க எத்தனை அடிப்படை வழிகள் உண்டு என்று கணக்கிட்டார். முன்னர் ஃபிராங்கன்ஹைம் 15 என்றிருந்தார். அவற்றில் இரண்டு ஒன்றே என்று காட்டி, 14 என்று பிராவே முடித்தார். வேதியியல் பாடநூல்களில் இந்தப் பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். அதற்குக் கொடுக்கப்படும் மூன்று நீளங்களும் மூன்று கோணங்களும், நாம் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் எண்ணிய அதே ஆறு எண்கள்.

1912-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபொன் லாவேயின் யோசனைப்படி, ஃபிரெட்ரிக்கும் நிப்பிங்கும் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். முதலில் எடுத்தது மயில்துத்தம். நீலநிறத்தில் நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கும் தாமிர சல்பேட். அதன் அலகுக்கூட்டில் மூன்று நீளங்களும் வேறுவேறு, மூன்று கோணங்களும் வேறுவேறு, ஒன்றுகூட 90 பாகை இல்லை. இயற்கையில் இணைகரத் திண்மம் எந்தச் சலுகையும் இல்லாமல் தோன்றும் வகை இது. பதிவான புள்ளிகள் தெளிவாக இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டிலேயே பிராக் தந்தையும் மகனும் சாப்பாட்டு உப்பின் உள்ளமைப்பைக் கண்டார்கள். அதன் பெட்டி கனசதுரம், விளிம்பு 0.564 நானோமீட்டர், ஒரு பெட்டிக்கு நான்கு சோடியம், நான்கு குளோரின். கால் மி.மீ. அகலமுள்ள ஒரு தூளுப்புப் பரலின் ஒரு விளிம்பில் இப்படிப்பட்ட பெட்டிகள் நான்கு லட்சத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். கல்லுப்பு ஏன் சதுரம் சதுரமாக உடைகிறது என்பதற்கு இவ்வளவு நேரான விடை கிடைத்தது.

1914-இல் மகன் லாரன்ஸ் பிராக் கால்சைட்டையும் எடுத்துக்கொண்டார். உப்பின் அமைப்பைப் போன்றதுதான். சோடியத்தின் இடத்தில் கால்சியம், குளோரினின் இடத்தில் கார்பனேட். கார்பனேட் என்பது நடுவில் ஒரு கார்பனும் மூலைகளில் மூன்று ஆக்சிஜனும் கொண்ட தட்டையான முக்கோணம். அந்த முக்கோணங்கள் எல்லாம் ஒரே திசைக்குக் குறுக்காகப் படுத்திருப்பதால்தான் கனசதுரம் ஒரு மூலைவிட்டத்தில் அழுந்தியிருக்கிறது. பிளக்கும் தளங்களும் புரிந்தன. ஒரு முக்கோணத்தையும் கிழிக்காமல், கால்சியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்புகளை மட்டும் அறுத்துக்கொண்டு போகும் தளங்கள் அவை.

ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. ஓர் அடுக்கில் முக்கோணங்கள் ஒரு பக்கம் பார்த்தால், அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் பார்க்கின்றன. உடைந்த துண்டின் விளிம்புத் திசையில் ஒரு கால்சியத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். முக்கோணம் மட்டும் திரும்பியிருக்கும். உண்மையில் மீண்டும் வரவேண்டுமானால் இரண்டு அடி போகவேண்டும். அதாவது அயூயி கையில் பிடித்த அந்த 101 பாகை 55 நிமிடத் திண்மத்தின் வடிவிலேயே சரியான அலகுக்கூடு வேண்டுமென்றால், விளிம்பு 1.28 நானோமீட்டர் இருக்கவேண்டும். அதற்குள் 32 கால்சியம் கார்பனேட் அலகுகள் அடங்கும். கால்சைட்டின் மிகச்சிறிய பெட்டி அது அன்று. அதுவும் சாய்சதுரத் திண்மம்தான், ஆனால் ஒல்லியாக நீண்டது, விளிம்பு 0.637 நானோமீட்டர், முகக்கோணம் 46 பாகை 5 நிமிடம். அதற்குள் இருப்பவை இரண்டே அலகுகள். எந்தச் சுத்தியாலும் அதை உடைத்தெடுக்க முடியாது, ஏனென்றால் கல் அந்தத் தளங்களில் பிளப்பதில்லை. ஒரே புள்ளி அடுக்கை எண்ணற்ற விதமாகப் பெட்டிகளாகப் பிரிக்கலாம். மிகச்சிறிய பெட்டிகள் மட்டும் எப்படிச் சாய்த்து வெட்டினாலும் ஒரே கனஅளவு கொண்டவை. வடிவம் நாம் தேர்ந்தெடுப்பது, கனஅளவு கல்லுடையது. பள்ளிக் கணக்கில் கேட்கும் அந்த அணிக்கோவையின் விடை, படிகவியலில் இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

முழு எண் விதியிலிருந்து அயூயி ஒரு தடையையும் பெற்றிருந்தார். ஒழுங்கு ஐங்கோணங்கள் பன்னிரண்டால் ஆன திண்மம் எந்தக் கனிமத்திலும் வளர முடியாது. பைரைட்டின் ஐங்கோணங்களில் நான்கு பக்கங்களே சமம். ஐந்தும் சமமாக வேண்டுமானால் சரிவு பொன்விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 1.618-இல் அமையவேண்டும். பொன்விகிதம் எந்த இரண்டு முழு எண்களின் வகுத்தலாகவும் வராது. பெட்டிகளை எத்தனை வரிசை குறைத்து அடுக்கினாலும் அந்தச் சரிவு கிடைக்காது.

1982 ஏப்ரலில் டான் ஷெக்ட்மன், வேகமாகக் குளிரவைத்த அலுமினியம் மாங்கனீசு உலோகக் கலவையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கூர்மையான புள்ளிகள் பத்துப் பத்தாக வட்டத்தில் நின்றன. மீண்டும் வரும் பெட்டி உள்ள எந்தப் பொருளும் அப்படிக் காட்டாது. பல ஆண்டுகள் எதிர்ப்பைத் தாங்கிய பிறகு 2011-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் ஹோல்மியம், மெக்னீசியம், துத்தநாகம் கலந்த கலவையில், அயூயி முடியாது என்று சொன்ன அதே ஒழுங்கு ஐங்கோணப் பன்னிருமுகி கண்ணுக்குத் தெரியும் அளவில் வளர்ந்தது.

இந்தப் பொருள்களின் ஒழுங்கை விளக்கவும் இணைகரத் திண்மம்தான் வந்தது, ஒன்றாக இல்லாமல் இரண்டாக. மூலைவிட்டங்கள் பொன்விகிதத்தில் உள்ள ஒரு சாய்சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோணங்கள் ஏறத்தாழ 63.4 பாகையும் 116.6 பாகையும். அதே அளவில் ஆறு செய்து, மூன்று குறுங்கோணங்கள் ஒரு முனையில் கூடும்படி ஒட்டினால் ஒல்லியான ஒரு திண்மம் கிடைக்கும். மூன்று விரிகோணங்கள் கூடும்படி ஒட்டினால் தட்டையான இன்னொன்று. அமெச்சூர் கணித ஆர்வலரான ராபர்ட் அம்மன், இந்த இரண்டையும் சில பொருத்த விதிகளோடு அடுக்கினால் வெளி முழுவதும் நிரம்பும், ஆனால் எந்தப் பகுதியும் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வராது என்பதை 1970-களிலேயே கண்டிருந்தார். ஒல்லியானதன் கனஅளவு தட்டையானதைப் போல 1.618 மடங்கு. அந்த அடுக்கில் ஒல்லியானவற்றின் எண்ணிக்கையும் தட்டையானவற்றைப் போல 1.618 மடங்கு. ஏன் மீண்டும் வராது என்பது இந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. அடுக்கு முழுவதையும் மீட்டுத் தரும் ஒரு பெரிய பெட்டி இருந்தால், அதற்குள் அடங்கும் ஒல்லியானவை ஒரு முழு எண், தட்டையானவை ஒரு முழு எண். அந்த இரண்டின் விகிதம்தான் முழு அடுக்கின் விகிதமாகவும் இருந்தாகவேண்டும். பொன்விகிதம் அப்படி எந்த இரண்டு முழு எண்களாலும் ஆவதில்லை. எனவே அந்தப் பெட்டி இல்லை.